என் கை போட்ட கறுப்புக் கோடுகள்

பினாங்கில் தேர்தல் வேலை பார்க்கும் எல்லாக் கட்சிகளின் தேர்தல் இயந்திரப் (பிரச்சாரப் பணிக்குழு) பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2023 ஆகஸ்டு 12ஆம் தேதி நடந்த மாநிலத் தேர்தலின்போது, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், ஒரு கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறையில் இரண்டு வாரம் வேலை செய்தவள் நான். எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. வேறு அறைகளில் இருந்த தோழிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

மேடைகளில் கொட்டிய வசையை ஊரே கேட்டது. விடிவதற்குள் கொடிகள் கிழிந்து கிடந்ததையும் எல்லாரும் பார்த்தார்கள். நான் சொல்ல வந்தது, அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் மேசைமேல் சத்தமில்லாமல் நடந்த வேலையைப் பற்றி.

வாக்காளர் பட்டியலை மாடி மாடியாகப் பிரித்து எங்கள் முன் வைத்தீர்கள். நமக்கு விழும் வாக்கு வெள்ளை, எதிராளிக்கு விழுவது கறுப்பு, மதில்மேல் பூனை சாம்பல். 18 வயதானவர்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேரும் முறை 2021 டிசம்பரில் வந்தபின் புதுப் பெயர்கள் குவிந்துவிட்டன. உங்கள் பழைய ஆள்களுக்குப் பாதிப் பேரைத் தெரியவில்லை. அதனால் அடுக்குமாடிப் பெண்களான எங்களைத் தேடி வந்தீர்கள். "உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே, தங்கச்சி" என்றார் அறைப் பொறுப்பாளர்.

மூன்றாம் மாடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். நான் மாலை வேலைக்குப் போகும் நாள்களில் என் மகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருபவர் அவர்தான். கீழ்த்தளத்தில் நடந்த செராமாவில் (பிரச்சாரக் கூட்டத்தில்) எழுந்து, பழுதாகிக் கிடக்கும் லிப்டைப் பற்றியும் அள்ளாத குப்பையைப் பற்றியும் எங்கள் வேட்பாளரைக் கேட்டார். அவ்வளவுதான். அவர் பெயர்மேல் கறுப்புக் கோடு போடச் சொன்னார்கள். போட்டேன். அவர் மனைவி பெயரிலும் மூத்த மகன் பெயரிலும் போட்டேன்.

தேர்தலோடு அது முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. உதவிப் பொருளாக அரிசியும் எண்ணெயும் மாவும் வந்து இறங்கின. பெறுவோர் பட்டியலைப் பார்த்தேன். தாள் புதிது, ஆனால் விடுபட்டிருந்த வீடுகள் எல்லாம் நான் கோடு போட்ட வீடுகள். அண்ணி படிக்கட்டில் என்னை நிறுத்தி, "எங்கள் பெயர் விட்டுப்போய்விட்டதா, அம்மா?" என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை.

வாக்கின் இரகசியத்தை 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டமே காக்கிறது. வாக்குச்சாவடிக்குள் இருக்கும் சாலுரான்கள் (வாக்களிப்பு வரிசைகள்) வயது வாரியாகப் பிரிக்கப்படுவதால், அவற்றின் வாக்கு எண்ணிக்கையைக் காட்டும் 14ஆம் பாரத்தைப் பார்த்து எந்த வயதினர் எப்பக்கம் சாய்ந்தார்கள் என்று ஓரளவு கணிக்கலாம். ஆனால் அண்ணன் யாருக்குப் போட்டார் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என்னுடைய வெறும் ஊகத்தை வைத்து ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய அரிசியை நிறுத்தியிருக்கிறீர்கள்.

பட்டியல் இல்லாமல் பிரச்சாரம் நடக்காது என்பது எனக்குப் புரிகிறது. வாக்களிப்பு முடிந்த மறுநாளே அதை அழித்துவிடுங்கள். உதவி வழங்கும் குழுவில் இருப்பவர் கண்ணில் அது படவே கூடாது.

என்னிடம் இருந்த நகலைக் கிழித்துவிட்டேன். தாள்களும் கணினிக் கோப்பும் இன்னும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை அழித்த பிறகு எங்கள் மாடிக்கு ஒருவரை அனுப்பிச் சொல்லுங்கள். முந்தின நாளே தகவல் கொடுத்தால், அண்ணனையும் அண்ணியையும் நானே அழைத்து வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
செபராங் பிறை அடுக்குமாடிவாசி ஒருத்தி