விலாங்கு ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் வழி வேண்டும்

மலையக ஆறுகளில் அணைகளையும் சிறு நீர்மின் நிலையங்களையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

மகாவலி, களனி மேலாறுகளில் மீன் குறைகிறது என்றால் "குஞ்சு விட்டால் சரி" என்ற பதில் வருகிறது. திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் அது பொருந்தும். விலாங்குக்குப் பொருந்தாது.

விலாங்கு நன்னீரில் முட்டையிடுவதில்லை. நம் ஓடைகளில் பாறை இடுக்கில் கிடக்கும் ஒவ்வொரு விலாங்கும் ஆழ்கடலில் பொரித்தது. ஒளி ஊடுருவும் இலை வடிவக் குடம்பியாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையை நெருங்கும்போது நூல் போன்ற குஞ்சாக உருமாறி, கொழும்பு முகத்துவாரத்திலோ கொட்டியாரக் குடாவிலோ ஆற்றுக்குள் நுழைகிறது. பிறகு பல வருடங்கள் ஆற்றிலேயே வளர்கிறது. முதிர்ந்ததும் கண் பெரிதாகும், குடல் சுருங்கும், இரை எடுப்பது நின்றுவிடும். கடலுக்கு இறங்கி ஒரே ஒரு முறை முட்டையிட்டுச் செத்துப்போகும். உலகெங்கும் பண்ணைகளில் வளர்ப்பதும்கூட அநேகமாக முழுவதும் கடலோரத்தில் பிடித்த குஞ்சுகளைத்தான்.

இலங்கையில் இரண்டு இனங்கள் உண்டு. முதுகுத் துடுப்பு ஏறக்குறைய ஆசனவாய்க்கு நேர் மேலே தொடங்கி, உடல் ஒரே நிறமாக இருந்தால் அது தாழ்நிலத்து இனம். துடுப்பு வெகு முன்னாலேயே தொடங்கி, மேனியில் திட்டுத்திட்டாக இருந்தால் அதுதான் மலைவரை ஏறுவது. மேலாற்றில் எண்ணிக்கை குறைவுதானே என்று தள்ளிவிடாதீர்கள். விலாங்குகள் நெருக்கமாக வாழும் இடத்தில் ஆண்கள் அதிகம். ஐதாகப் பரவி வாழும் மேலாற்றில் பெரும்பாலும் பெரிய பெண்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இலட்சக்கணக்கில் முட்டை.

பெரிய விலாங்கு ஒன்று பிடிபட்டால் ஆறு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். நீண்ட ஆயுள் உள்ள மீன் அது. பல வருடங்களுக்கு முன் ஏறி வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பிடிபடுபவற்றின் நீளத்தைக் குறித்து வையுங்கள். எல்லாமே பெரியவையாக இருந்து, 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை தென்படாவிட்டால், கீழே பாதை அடைபட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குஞ்சு ஈரமான சொரசொரப்பான சுவரில் உடம்பை ஒட்டி ஏறிவிடும். வளர வளர அது முடியாது. வழவழப்பான கொங்கிரீட்டும் வெளியே நீட்டிய விளிம்பும் குஞ்சையும் நிறுத்திவிடும். உயரம் குறைந்த தடுப்பணைகளுக்குச் செலவு அதிகமில்லாத தீர்வு உண்டு: 30 பாகைக்கு மேற்படாத சரிவில் ஒரு பாதை, அதன் தளத்தில் தூரிகைக் கட்டைகள் (தூரிகை மயிர்க் கற்றைகள் பதித்த பலகைகள்). கற்றைகளுக்கு இடையே குஞ்சுக்கு 14 மில்லிமீற்றரும் சற்றுப் பெரியவற்றுக்கு 21 மில்லிமீற்றரும் விடவேண்டும். பாதையைப் பக்கவாட்டிலும் சாய்த்தால் நீர் கூடினாலும் குறைந்தாலும் ஒரு ஓரம் மெல்லிய ஈரமாக இருக்கும். வெயிலுக்கும் கொக்குக்கும் மேலே மூடி போடுங்கள். பாதையின் மேல்வாய், டர்பைனுக்கு நீர் உள்ளிழுக்கும் இடத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறிய குஞ்சு நேரே டர்பைனுக்குள் போகும். தேயிலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் மண் ஒரே வெள்ளத்தில் தூரிகையை அடைத்துவிடும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கழுவ ஓர் ஆளை நியமிக்காமல் இதைக் கட்டுவது வீண்.

தடுப்பணைக்கும் பவர் ஹவுசுக்கும் இடையே ஆறு வறண்டு கிடந்தால் குஞ்சுகள் பவர் ஹவுஸ் நீர் வெளியேறும் வாயிலேயே கூடி நிற்கும். கட்டாயம் திறந்துவிட வேண்டிய நீரின் ஒரு பங்கை அந்தத் தூரிகைப் பாதை வழியாகவே விடுங்கள்.

இறங்குவதுதான் கடினம். ஆறு பெருகிக் கலங்கும் இருட்டு இரவுகளில் முதிர்ந்த விலாங்கு இறங்கும். உடல் நீளமானதால் டர்பைன் அலகில் அடிபடும் வாய்ப்பு மற்ற மீன்களைவிட அதிகம். நீர் உள்ளிழுக்கும் வாயிலுள்ள தடுப்புக் கம்பிகளுக்கு இடையே 15 மில்லிமீற்றருக்கு மேல் விடாதீர்கள். கம்பியை நெருங்கும் நீரின் வேகம் விநாடிக்கு அரை மீற்றரைத் தாண்டக் கூடாது. இலை அடைத்தால் மிச்ச இடைவெளியில் வேகம் ஏறி, விலாங்கு கம்பியோடு அழுந்திச் சாகும். அடிமட்டத்தில் ஒரு மாற்றுவழித் துவாரம் வையுங்கள். முதல் வெள்ள இரவுகளில் சில மணி நேரம் டர்பைனை நிறுத்த முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

122 மீற்றர் உயர விக்டோரியா அணைக்கும் 87 மீற்றர் உயரக் கொத்மலை அணைக்கும் தூரிகைப் பாதை சரிவராது. அங்கே கீழே பிடித்து, தொட்டியில் ஏற்றி, மேலே கொண்டுபோய் விடவேண்டும். முதிர்ந்தவற்றை மேலிருந்து பிடித்துக் கீழே விடும் ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். ஏற்றிவிட்டு இறக்காவிட்டால், கீழாற்றில் வளர்ந்து கடலுக்குப் போயிருக்கக்கூடிய மீனையும் நாமே சிறைவைத்தவர்களாவோம்.

வேலையைக் கடலுக்கு மிக அருகிலுள்ள தடுப்பிலிருந்து தொடங்குங்கள். மகாவலியில் மினிப்பே அணைக்கட்டைக் குஞ்சு தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேலேயுள்ள ரந்தம்பே, ரந்தெனிகலை அணைகள் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
மலையக ஆற்று மீன்களைக் கவனித்து வருவோர்