பெயிண்டில் மணலைக் கலந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகுப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மேல்தளம் வழுக்காமல் இருக்க “பெயிண்டில் கொஞ்சம் மணலைக் கலந்து அடித்தால் போதும்” என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. அதை நம்பி வேலையில் இறங்குபவருக்குப் பெயிண்டும் வீண், உழைப்பும் வீண். காற்று திடீரென வலுக்கும்போது, நனைந்து சாய்ந்து கிடக்கும் தளத்தின் மேல் பாயைச் சுருக்க அணியத்துக்கு, அதாவது படகின் முன்பகுதிக்கு, போகிறவரின் கால் இந்தப் பூச்சை நம்பித்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மணல் பெயிண்டைவிடக் கனமானது. கலக்கித் தட்டில் ஊற்றிய சில நிமிடங்களில் அடியில் படிந்துவிடும். ரோலர் முதலில் மேலே இருக்கும் வெறும் பெயிண்டை எடுக்கும். கடைசியில் அடியை வழிக்கும்போது மணலை அள்ளி அப்பும். ஒரே தளத்தில் ஓர் ஓரம் வழவழப்பாகவும் இன்னோர் ஓரம் உப்புத்தாள் போலவும் ஆவது இதனால்தான். கால் பழகிய பிடிப்பை எதிர்பார்த்து வைக்கும் அடுத்த அடி வழவழப்பான திட்டில் விழும் என்பதால், முழுக்க வழுக்கும் தளத்தைவிட இது மோசம். மணலின் விளிம்பும் கூர்மையானது. முழங்கால் போட்டு வேலை செய்தால் தோல் உரியும், இழுபடும் பாய்த்துணி நூல் பிரியும். சில ஆண்டுகளுக்குப் பிறகு மறுபூச்சுக்காகத் தேய்க்க நினைத்தால் உப்புத்தாள்தான் தேயுமே தவிர மணல் தேயாது.

இதற்கென்றே விற்கும் நுண்ணிய பாலிமர் மணிகளே பெரும்பாலான படகுகளுக்குச் சரியான தேர்வு. உருண்டையாக இருப்பதால் தோலைக் கிழிக்காது, பின்னால் தேய்த்தெடுக்கவும் எளிது. அலுமினியம் ஆக்சைடு தேவைக்கு மீறிய முரடு; பூட்ஸ் போட்டே நடக்கும் வேலைப் படகுக்குப் பொருந்தும், வெறுங்காலோடு நடக்கும் படகுக்குப் பொருந்தாது. வால்நட் ஓட்டுத் தூள் நல்ல பிடிப்புத் தரும். ஆனால் மேல் பூச்சு எங்காவது தேய்ந்துவிட்டால் தூள் நீரை உறிஞ்சிப் பழுப்புக் கறை காட்டும். எதை எடுத்தாலும் தளம் முழுக்க ஒரே அளவு சொரசொரப்பு வேண்டியதில்லை. அணியத்திலும் பாய்மரத்தின் அடியிலும் சற்று முரடாக இருக்கலாம். உட்காரும் இடத்தில் மென்மையான மணிகள் போதும், இல்லையென்றால் துணி தேய்ந்தே போகும்.

மணிகளைப் பெயிண்டில் கலக்கக் கூடாது, தூவ வேண்டும். அதுவும் தாராளமாக. தளத்தை டேப் ஒட்டிக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் குட்டை ரோமமுள்ள ரோலரால் ஒரு கட்டத்துக்குள் பெயிண்டை வழக்கத்தைவிடச் சற்றுத் தடிப்பாக அடித்துக்கொண்டே போக, மற்றவர் பின்னாலேயே வந்து, மூடியில் துளையிட்ட டப்பாவிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் தூவ வேண்டும். உயரம் குறைந்தால் குவியல் குவியலாக விழும். ஈரப் பெயிண்டின் பளபளப்பு ஒரு பொட்டுகூடத் தெரியாமல் மறையும்வரை தூவுங்கள். பார்ப்பதற்கு அதிகமாகக் கொட்டிவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் ஈரப் பெயிண்ட் ஒரே ஓர் அடுக்கு மணிகளைத்தான் பிடித்துக்கொள்ளும். மேலே கிடப்பது ஒட்டாமல் உதிர்ந்துவிடும். சமையலுக்கு உப்புப் போடுவது போல அளந்து தூவுகிற தளத்தில்தான் வழுக்கைத் திட்டுகள் வரும். மறுநாள் பெயிண்ட் இறுகியதும் மென்மையான தூரிகையால் கூட்டி, வாக்குவம் கிளீனரால் மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். அதன்மேல் மெல்லியதாக இரண்டு கோட் அடித்தால் மணிகள் பூட்டிக்கொள்ளும். இந்த இரண்டு கோட்டைத் தடிப்பாக அடித்தால் பள்ளங்கள் நிரம்பி, பட்ட பாடெல்லாம் மூடிப் போகும். தேவை என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு மணிகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பாதிக் கட்டத்தில் தீர்ந்தால் அந்த ஒட்டு கடைசிவரை கண்ணை உறுத்தும்.

ஆனால் பூச்சு நிலைப்பது அதற்கு முந்தைய வேலையைப் பொறுத்தது. முதலில் தளத்தைத் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டும்போது ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்ட ஒலி மொத்தையாக மாறினால், ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பால்சா மரம் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம், அல்லது அடுக்குகள் பிரிந்திருக்கலாம். வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை), கிளீட் (கயிற்றைக் கட்டும் கொக்கி), கைப்பிடிக் கம்பி போன்ற பொருத்துகளின் அடியில் இது அதிகம். அதைச் சரிசெய்யாமல் பெயிண்ட் அடித்தால், அடுத்த கோடையில் உள்ளிருக்கும் ஈரம் வெயிலில் விரிந்து கொப்புளமாகக் கிளம்பும். பெயிண்ட் மட்டம் என்று அப்போது திட்டிப் பயனில்லை.

கழற்ற முடிந்த பொருத்துகளையெல்லாம் கழற்றிவிடுங்கள். சுற்றி டேப் ஒட்டி அடித்தால் அந்த விளிம்பிலிருந்துதான் உரியத் தொடங்கும்.

அடுத்தது, பலரும் தலைகீழாகச் செய்வது. உப்புத்தாள் போடுவதற்கு முன்பே மெழுகும் சிலிக்கோனும் போக வேண்டும். அழுக்கான தளத்தைத் தேய்த்தால் உப்புத்தாள் அந்த மெழுகை ஃபைபர் கிளாஸின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டின் கீறல்களுக்குள் அரைத்து ஏற்றிவிடும்; பிறகு எதனால் துடைத்தாலும் முழுதாக வராது. சோப்பு நீரால் கழுவிக் காயவிட்டு, கரைப்பானில் நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள். துணிகளை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையேல் அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளியதாகவே முடியும். கழுவியபின் நீரைத் தெளித்துப் பார்த்தால் நிலைமை தெரியும். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவி நின்றால் சுத்தம். சிலிக்கோன் மிச்சம் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் விலகிக் குட்டிக் குட்டி வட்டக் குழிகளாக நிற்கும்.

பழைய பெயிண்டின் மேல் அடிப்பதானால், மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து எடுங்கள். பெயிண்ட் இளகினால் அது ஒற்றை டின் வகை. ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரட்டை டின் பெயிண்ட்டை அதன்மேல் அடித்தால், அதன் கரைப்பான் அடிப்பூச்சைச் சுருங்க வைத்துத் தூக்கிவிடும். அந்நிலையில் பழையதை முழுக்க எடுங்கள், அல்லது மேலேயும் ஒற்றை டின் வகையையே அடியுங்கள்.

தொழிற்சாலையிலேயே வைர வடிவப் புடைப்புகளோடு வார்த்த தளம் தனி விவகாரம். தேய்ப்பு மெஷின் புடைப்பின் உச்சியை மட்டுமே தேய்க்கும், பள்ளம் பளபளவென்று அப்படியே இருக்கும். பெயிண்ட் முதலில் உரிவதும் அந்தப் பள்ளத்தில்தான். கையால் சொரசொரப்புப் பட்டையும் முரட்டுத் தூரிகையும் கொண்டு பள்ளங்களைத் தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை கூடவே கூடாது; ஒடிந்து தங்கும் துணுக்குகள் துருவாகப் பூக்கும். புடைப்புகள் மிகவும் தேய்ந்திருந்தால் எபாக்ஸிப் பட்டி வைத்துச் சமன் செய்துவிடலாம். எபாக்ஸி இறுகியபின் மேலே மெழுகு போல ஒரு படலம் வரக்கூடும். அதைத் தண்ணீரும் தேய்ப்புப் பட்டையும் கொண்டு கழுவியபிறகே உப்புத்தாள் போட வேண்டும். எபாக்ஸி பிரைமருக்கு முன் 80 முதல் 120 எண் உப்புத்தாள், பிரைமருக்கும் மேல் பூச்சுக்கும் இடையே 180 முதல் 220 எண் என்பது பொதுவான வழக்கம்.

டேப் ஒட்டுவதில் அழகு மட்டுமல்ல, வேலையும் இருக்கிறது. ஓரங்களிலும் பொருத்துகளைச் சுற்றியும் ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம்வரை வழவழப்பாக விடுங்கள். பொருத்துகளின் கீழ் வைக்கும் நீர்க்காப்புப் பசைக்குச் சமமான பரப்பு வேண்டும். மழைநீர் வடியும் ஓரக் கால்வாயும் வழவழப்பாக இருந்தால்தான் அழுக்கு தங்காது. கட்டங்களின் மூலைகளை ஒரு சிறு டின் மூடியை வைத்து வளைவாக வெட்டுங்கள். கூர்மூலையில்தான் பெயிண்ட் முதலில் பெயரும். வழவழப்புப் பகுதிக்கான பளபளப்புப் பெயிண்டை முதலில் முடித்து, அது நன்றாக இறுகியபின் அதன்மேல் டேப் ஒட்டிக் கட்டங்களை அடிப்பதே வரிசை. கடைசிக் கோட் முழுதாக இறுகுமுன், பிசுபிசுப்பாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள்.

பெயிண்ட்டைப் பொறுத்தவரை, நீண்ட நாள் உழைக்க இரட்டை டின் பாலியூரித்தேன்தான். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. ரோலரால் அடிக்கும்போதே கரிம ஆவிக்கான முகமூடியும் கையுறையும் கட்டாயம். ஸ்பிரே செய்வதோ, வெளிக்காற்றைக் குழாயில் ஊட்டும் முகமூடி இல்லாமல் செய்யவே கூடாத வேலை. இந்தக் கவனமெல்லாம் முடியாதவர்களுக்கு, கிவிகிரிப் போன்ற தண்ணீரில் கரையும் கெட்டி அக்ரிலிக் வகை நல்ல மாற்று. அதில் மணி தேவையில்லை. தடிப்பாகப் பரப்பி, அதற்கான துளைகளுள்ள முரட்டு ரோலரை உருட்டினால் புள்ளி புள்ளியாக மேலெழும். ஒரே தடிப்பில் பரப்பி, ஒரே அழுத்தத்தில் உருட்டுவதில்தான் வெற்றி இருக்கிறது. முதலில் ஒரு பலகையில் கை பழகிக்கொள்ளுங்கள். காயுமுன் மழை பெய்தால் கரைந்து ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவுக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். டின்னில் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்றிருக்கும். அது வழவழப்பான பரப்புக்கான கணக்கு. சொரசொரப்பில் 8 என்றே வையுங்கள். 12 சதுர மீட்டர் தளத்துக்கு, மணிகளைப் பிடிக்கும் முதல் கோட்டுக்கு 1.5 லிட்டர், மேலே இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர், ஆக 4.5 லிட்டர். நிறம் வெளிர் சாம்பலோ தந்த நிறமோ இருக்கட்டும். தூய வெள்ளை வெயிலில் கண்ணைக் கூசும், அடர்நிறம் காலைச் சுடும். தளத்தின் உள்மரத்துக்கும் அந்தச் சூடு நல்லதல்ல.

காலையில் பனி முழுக்க உலர்ந்தபின் தொடங்கி, பிற்பகலிலேயே நிறுத்திவிடுங்கள். இறுகாத பூச்சின் மேல் மாலைப் பனி இறங்கினால் வெளிறிப் போகும். தளத்தின் வெப்பநிலை பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, விடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். நேர்வெயிலில் கொதிக்கும் தளமும் ஆகாது, ரோலர் இழுபடும். அணியத்தில் தொடங்கி, இறங்கும் இடத்தை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தின் நடுவில் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

மறுநாள் மெல்ல நடக்கலாம் என்று டின்னில் எழுதியிருந்தாலும், பொருத்துகளை ஏற்றி முறுக்க ஒரு வாரமாவது பொறுங்கள். திரும்பப் பொருத்தும்போது சிலிக்கோன் பசையைத் தொடவே வேண்டாம். அடுத்த முறை பெயிண்ட் அடிப்பவர் அதை எடுக்க முடியாமல் திண்டாடுவார். பாலிசல்பைடு பசை அல்லது பியூட்டைல் ரப்பர் டேப் போதுமானது.

இப்படிக்கு,
பாய்மரப் படகுப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்