யார் தலையிலும் விழாத ஸ்பேனரையும் எழுதிவையுங்கள்

கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

20 மீட்டர் உயரச் சாரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் கைநழுவி விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நல்லவேளையாகக் கீழே ஆள் இல்லை. யாரோ அதை எடுத்துக் கொடுக்கிறார்கள், வேலை தொடர்கிறது. அது விழுந்த செய்தி உங்கள் காதுக்கு வருவதே இல்லை.

வந்திருந்தால், சாரத்தின் ஓரத்தில் தடுப்புப் பலகை இல்லை, கருவியைக் கட்டிக்கொள்ளக் கயிறு இல்லை, கீழே நடைவழி மறிக்கப்படவில்லை என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். கான்கிரீட் போடும்போது லேசாக இறங்கிய முட்டும், ஆள் மேலே ஏறிய பிறகு சரிந்த குழி மண்ணும், தோல் கிழிந்த வயரில் சுருக்கென்று அடித்த ஷாக்கும் அப்படித்தான். அடிபட்டவர் இல்லை என்பதால் பேச்சும் இல்லை.

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். சுமார் ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற அதே குழப்பத்தால் தாழ இறங்கி, மோதாமல் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது போய்ச் சேரவில்லை. அதன் பிறகு, 1976இல், விமானிகள் தப்பித்த சம்பவங்களைச் சொல்ல ஓர் ஏற்பாடு வந்தது. அதை நடத்தும் பொறுப்பு தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் போகாமல் நாசாவிடம் போனது. சொன்னவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் செய்தியை வெளியே விடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த ஒரு முடிவுதான்.

நம் சைட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஏதாவது விழுந்தால் முதலில் வரும் கேள்வி, “எவன் போட்டான்?” தினக்கூலிக்கு வந்த ஒரு சித்தாள் வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. மேஸ்திரிக்கோ, சொன்னால் அடுத்த காண்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம். வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ பலகை வைத்து, எண்ணிக்கை ஏறினால் பரிசு என்றும் அறிவிக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தப் பரிசு கையில் அடிபட்டவனைக்கூடக் காயத்தை மறைக்க வைக்கிறது. அப்புறம் தப்பித்த சம்பவத்தை யார் சொல்வார்கள்? ஒரு மாதம் முழுக்க ஒரு புகாரும் வராத சைட்டைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை, கவலைதான் வருகிறது.

அதனால் கேட்கிறேன். அந்தப் பரிசை நிறுத்துங்கள். நீளமான படிவமும் வேண்டாம். எழுதத் தெரியாதவர் தன் மொழியில் வாயால் சொல்லட்டும், போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பட்டும், பெயர் கேட்காதீர்கள். சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று உள் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடுமையான ஆபத்து உடனே வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகவும், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லவும் 1988ஆம் ஆண்டின் ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 167ஆவது உடன்படிக்கையே இடம் தருகிறது.

சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றால் இரண்டாவது தடவை யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடும்போது, முந்தின வாரம் வந்த புகார்களைப் படியுங்கள். எதைச் சரிசெய்தீர்கள், எது பாக்கி, அதை எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று இன்ஜினியரே நின்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
சாரத்தில் வேலை பார்க்கும் ஒருவன்