பழைய பொருள்களால் ஒரு பொதுப் பூங்காவும் பணிக்கூடமும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே கடலை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில், நூலகத்தின் பின்புறமுள்ள காலி இடத்தில், பயன்படுத்திக் கழித்த பொருள்களைக் கொண்டே ஒரு பொதுப் பூங்கா அமைக்கத் தீர்மானித்திருக்கிறோம். அதன் ஒரு மூலையில், ஊரார் எவரும் வந்து தங்கள் வீட்டுக்கு வேண்டியவற்றைத் தாங்களே செய்துகொள்வதற்கு ஒரு பணிக்கூடமும் அமையும். இடத்தைப் பயன்படுத்த ஊராட்சி ஒப்புதல் தந்துவிட்டது. படகுத் தச்சர்களும், வெல்டிங் வேலை தெரிந்தவர்களும், வலை முடியத் தெரிந்த பெரியவர்களும், தையல் தெரிந்த பெண்களும் தங்கள் உழைப்பைத் தர முன்வந்திருக்கிறார்கள். இவ்வளவும் கூடிவந்த பின்னும் பணம் இல்லாமல் நடவாத சில வேலைகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்காகவே உள்ளூரில் இருப்பவர்களிடமும், சென்னை, வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைப்பைத் தேடிச் சென்றிருக்கும் நம் ஊர் மக்களிடமும் இந்த வேண்டுகோளை வைக்கிறோம்.

பழைய பொருள்களால் செய்வதற்கு எதற்குப் பணம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பொருள்கள் உண்மையிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை இந்தக் கடற்கரையில் நின்று நிலைப்பதற்கும், குழந்தைகள் அச்சமின்றித் தொட்டு விளையாடுவதற்கும் ஏற்றவையாக மாறுவதற்குச் செலவு இருக்கிறது. உள்நாட்டில் பல ஆண்டுகள் தாங்கும் இரும்பு, நம் ஊரின் உப்புக் காற்றில் வெகு சீக்கிரம் செதில் செதிலாக உதிர்ந்துவிடுவதை ஒவ்வொரு வீட்டின் சன்னல் கம்பியும் சொல்லும். ஆகையால் ஒரு பழைய சைக்கிள் ரிம்மைக் கொடி ஏறும் பந்தலாக்க வேண்டுமானால், முதலில் அதை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, நன்றாக உலர்த்தி, துத்தநாகம் கலந்த பிரைமர் ஒரு பூச்சும் எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சும் கொடுத்தாக வேண்டும். அலுமினியச் சட்டியை இரும்புக் கம்பியில் நேரடியாக இறுக்கிக் கட்டினால், இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் ஈர உப்புக் காற்று அலுமினியத்தை அரித்துவிடும். நடுவே ஒரு ரப்பர் துண்டு வைக்க வேண்டும். சிமென்ட் வேலைக்குக் கடற்கரை மணலைத் தொட மாட்டோம். அதிலுள்ள உப்பு கலவைக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து நாளடைவில் கட்டுமானத்தையே பிளந்துவிடும் என்பதோடு, ஏற்கெனவே அரிக்கப்பட்டுவரும் கரையிலிருந்து மணல் அள்ளுவதும் தகாது. இந்தக் கவனம் இல்லாமல் செய்யப்படும் தோட்டச் சிற்பம், திறந்துவைக்கும் நாளில் அழகாகத் தெரிந்து, அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடியும் குப்பையாகவே கிடக்கும். அப்படி ஒன்றை ஊரார் பணத்தில் செய்ய எங்களுக்கு மனம் இல்லை.

பூங்காவின் நடுவில், இனிக் கடலுக்குப் போக இயலாத ஒரு மர வள்ளம் அமையும். அதன் உரிமையாளர் அதை விறகுக்கு விற்காமல் ஊருக்குத் தர இசைந்திருக்கிறார். உளுத்த பலகைகளை மாற்றி, உட்புறத்தில் இருபுறமும் இருக்கை அடித்து, முனைப்பகுதியில் மட்டும் மண் நிரப்பிச் செடி வைப்பதாகத் திட்டம். வள்ளம் முழுவதும் மண்ணை நிரப்பினால் பலகை சீக்கிரம் உளுத்துவிடும் என்று எங்கள் தச்சர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில், வீடு கட்டி முடித்த இடங்களில் வீணாகக் கிடக்கும் டைல்ஸ் துண்டுகளையும் உடைந்த பீங்கான் தட்டுகளையும் பதித்து, ஆவுளியா என்னும் கடல்பசு, கடலாமை, மயில்மீன், பூநாரை முதலிய நம் கடலின் உயிர்களைப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த வடிவிலேயே அமைப்போம். நடைபாதைக்கு, வீடுகளில் தேய்ந்து ஒதுங்கிய அம்மிக்கற்களும் ஆட்டுக்கல்லின் அடிப்பாகங்களும் பயன்படும். மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு எத்தனை கொல்லைப்புறங்களில் அவை கவிழ்ந்து கிடக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். பந்தல் கால்களுக்குப் பனங்கட்டையும், இந்த மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் முற்றிய கட்டையும் போதும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய கவலை. ஆண்டின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் நிலத்தடி நீரும் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. இதற்கும் பழைய பொருளிலேயே விடை இருக்கிறது. மெருகேற்றாத மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவைத்தால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குச் சேரும். மேலே ஊற்றும் நீரைப்போல வெயிலில் ஆவியாகிப் போகாது. வாய் உடைந்ததால் சமையலுக்கு உதவாமல் போன பானைகளும், ஒழுகாத பழைய மண்குடங்களும் வீட்டுக்கு வீடு கிடைக்கும். அரளி, நித்தியகல்யாணி, பூவரசு, கற்றாழை போன்ற, உப்புக் காற்றைத் தாங்கும் செடிகளையே நடவிருக்கிறோம். வாடி நிற்கும் வெளிநாட்டுப் புல்தரையை வளர்க்கத் தண்ணீரைச் செலவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

பூங்காவைவிடப் பணிக்கூடத்தையே நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம். பூங்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம். பணிக்கூடம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகும். இடித்த வீட்டின் சன்னல் கதவைப் புத்தக அலமாரியாக்குவது, பழைய நிலைக்கட்டையைத் திண்ணைப் பலகையாக்குவது, மீன் டிரேக்களை அடுக்கிச் சமையலறையில் வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் அடுக்காக்குவது, பழைய புடவைகளையும் லுங்கிகளையும் கிழித்துப் பின்னி மிதியடியும் மெத்தை விரிப்பும் செய்வது, தடித்த நைலான் கயிற்றால் கட்டிலும் ஊஞ்சலும் பின்னுவது ஆகியவற்றை இங்கே கற்றுத்தரவும் செய்துகொள்ளவும் முடியும். பலருக்கு மனமும் கைப்பக்குவமும் இருக்கின்றன; ஒரு டிரில்லிங் மெஷினோ, மரம் இழைக்கும் மெஷினோ, வெட்டிய விளிம்பை மழுங்கச் செய்யும் கிரைண்டரோ சொந்தமாக வாங்க வசதி இல்லை. வீட்டுக்கு ஒன்றாக வாங்கிப் பரணில் போட்டுவைப்பதைவிட ஊருக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது மேல்.

பூங்கா வேலையையும் பயிற்சியையும் தொடங்குவதற்கு மீன்பிடித் தடைக்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் காலமும் அதுவே என்பதால், கழற்றிய பலகைகள், பழங்கயிறு, கிழிந்த வலை, தேய்ந்த டயர், உடைந்த மிதவை எல்லாம் அப்போதுதான் கரையில் குவிகின்றன. அதே நாள்களில்தான் படகில் கூலிக்குப் போகும் தொழிலாளர்களின் கையில் வருமானம் இல்லாமல் போகிறது. அவர்களில் பணிக்கூடத்தில் கற்றுக்கொடுக்க வருபவர்களுக்கு நாள் ஊதியம் தர வேண்டும் என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. சேவை என்ற பெயரில், வருமானமற்ற மாதங்களில் ஒருவருடைய கைத்திறனை இலவசமாகக் கேட்பது முறையாகாது.

எவற்றை ஏற்க மாட்டோம் என்பதையும் விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. பவளக்கல், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நமக்கு எதிரே இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ஐயும் உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. கரையில் ஒதுங்கியது, தாத்தா காலத்து வீட்டுச் சுவரில் இருந்தது என்று எந்தக் காரணம் சொன்னாலும் பவளத்தை நாங்கள் வாங்க மாட்டோம். அழகுக்காக அதைத் தோட்டத்தில் வைக்கும் வழக்கத்தையே இந்தப் பூங்கா ஊக்குவிக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை வெட்டினாலும் உடைத்தாலும் பறக்கும் இழைகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. பைபர் படகுத் துண்டுகளை அறுக்கும்போது எழும் கண்ணாடி இழைத் தூசியும் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. ரசாயனம் அடைத்துவந்த நீல டிரம்களும், உளுக்காமல் இருப்பதற்காகக் கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெய் ஏற்றிய பழைய ரயில்வே மரக்கட்டைகளும் காய்கறிச் செடிக்கு அருகே வரக் கூடாதவை. தெர்மாகோல் பெட்டிகளையும் மறுத்துவிட்டோம். அவை உருண்டை உருண்டையாக உதிர்ந்து காற்றில் பறந்து மீண்டும் கடலுக்கே போய்ச் சேரும். பிளாஸ்டிக் பாட்டில்களால் சுவர் எழுப்பலாம் என்று வந்த யோசனையைக் கைவிட்டதும் இதனால்தான்: நம் வெயிலில் அவை நொறுங்கித் துகளாகிவிடும்.

வேறு சிலவற்றை நிபந்தனையோடு ஏற்கிறோம். டயர்களின் அடிப்புறத்தில் பல துளைகள் இட்டு, முழுவதும் மண் நிரப்பினால் மட்டுமே வைப்போம். தேங்கிய சிறிதளவு நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதுமானது. மெல்லிய நரம்பு வலையைக் கொடிப் பந்தலாகக் கட்டினால் அணிலும் குருவியும் பாம்பும் சிக்கிச் சாகும் என்பதால், தடித்த கயிற்று வலையை மட்டும், அதுவும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பிறகு பயன்படுத்துவோம். பெயிண்ட் அடித்த பழைய கதவு, சன்னல்களிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கலாம். ஆகவே அவற்றை ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்த பெரியவர்கள் மட்டுமே சுரண்டுவார்கள். அந்த வேலை நடக்கும்போது பிள்ளைகளுக்குப் பணிக்கூடத்தில் அனுமதி இல்லை.

கழிவிலிருந்து கலை என்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் சேர்த்து அமைத்த பாறைத் தோட்டம், 1976ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அவர் தனியொருவராகத் தொடங்கினார்; நாம் ஓர் ஊராகத் தொடங்குகிறோம்.

இனிச் செலவு விவரம். பணிக்கூடத்தின் தரை, கூரை, கூலி ஆகியவற்றுக்கு 1,40,000 ரூபாயும், மெஷின்களுக்கும் கைக்கருவிகளுக்கும் 95,000 ரூபாயும், பிரைமர், பெயிண்ட், சிமென்ட், ஆற்று மணலுக்குப் பதிலான எம்சாண்ட் ஆகியவற்றுக்கு 60,000 ரூபாயும் ஆகும். தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்களுக்கும் 40,000 ரூபாயும், கையுறை, கண்ணாடி, முகக்கவசம், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் ஆகியவற்றுக்கு 25,000 ரூபாயும், கற்றுக்கொடுப்போரின் ஊதியத்துக்கு 60,000 ரூபாயும் தேவை. ஆக மொத்தம் 4,20,000 ரூபாய். உள்ளூரில் இதுவரை 85,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. மீதி 3,35,000 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கிறோம். ஓர் எளிய கணக்குக்காகச் சொல்வதானால், 500 ரூபாய் தந்தால் ஒருவருக்குத் தேவையான கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் வாங்கிவிடலாம். பெருந்தொகை தருபவர்களின் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது; தொகை எதுவானாலும் எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்தளவில் அகரவரிசையில் ஒரு பழைய படகுப் பலகையில் எழுதப்படும். பெயர் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் போதும்.

பணமாகத் தர இயலாதவர்கள் பொருளாகத் தரலாம். சனிக்கிழமைகளில் காலை 9 மணி முதல் 12 மணி வரை நூலகத்தின் பின்வாசலில் பொருள்களைப் பெற்றுக்கொள்வோம். கழுவி, ஆணி பிடுங்கி, உடைந்த கண்ணாடியைத் தனியே தாளில் சுற்றிக் கொண்டுவந்தால் பெரிய உதவி. ஓடாத தையல் மெஷின், பழுதான மின்விசிறி போன்றவற்றையும் தயங்காமல் தாருங்கள். பழுதுபார்க்க ஆள் இருக்கிறார். நாங்கள் பயன்படுத்த இயலாததை வாங்கிக் குவித்துவைக்காமல், தந்தவரிடமே காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதற்காக மனம் வருந்த வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

குழுவின் வங்கிக் கணக்கு எண்ணை இந்த வேண்டுகோளில் வேண்டுமென்றே தரவில்லை. கைமாறிப் பரவும் செய்திகளில் எண்ணை மாற்றி ஏமாற்றுவது இப்போது எளிதாகிவிட்டது. கணக்கு விவரம் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது; வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள், ஊரிலுள்ள தங்கள் உறவினரை நேரில் பார்த்து உறுதிசெய்யச் சொன்ன பிறகு அனுப்புங்கள். ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது உண்டு. ரசீதின்றி எவரிடமும், குழு உறுப்பினரிடம்கூட, ரொக்கம் தர வேண்டாம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அதே பலகையில் ஒட்டப்படும். எவரும் பில்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஏப்ரல் 15க்குள் கூரை போட்டு முடித்தால்தான் தடைக்காலத்தில் பயிற்சியைத் தொடங்க முடியும் என்பதால், மார்ச் மாத இறுதிக்குள் உங்கள் நன்கொடையை அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பூங்கா மற்றும் பணிக்கூட அமைப்புக் குழுவினர்