நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மழைக்கு முன்பே குறுக்குத் தெருக்களில் வடிகால் தூர்வாரப்பட்டது. இந்த முறை யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. தெருவிளக்கு, கொசு மருந்து, குப்பை வண்டி நேரம் பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் இருக்கின்றன, வேண்டுவோர் பார்க்கலாம். பொங்கல் கோலப் போட்டி வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது டிசம்பரில் குடும்பம் குடும்பமாக விசாகப்பட்டினம் போய்வந்ததைப் பற்றி. "தண்ணீருக்கும் சாக்கடைக்கும் அலைய வேண்டிய சங்கம் பழைய விமானம் பார்க்கப் போகணுமா?" என்று செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்து 62 ஆண்டுகள் சேவையில் இருந்தவை. மாலையில் சங்க அறைத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, கேரம் ஆடிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "இனிமே அந்த ப்ளேனையெல்லாம் எடைக்குப் போட்டுடுவாங்களா அங்கிள்?" என்று கேட்டான். ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படை நிலையம். குரோம்பேட்டைப் பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆனால் ஓய்வு பெற்ற விமானம் எங்கே போகும் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அறையின் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "சிலதை உடைச்சுடுவாங்க. சிலதை நிறுத்தி வைப்பாங்க. நான் வேலை பார்த்த விமானம் வைசாக் பீச்ல நிக்குது. வாங்க, காட்டறேன்." கடற்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மூன்றாவது தெருக்காரர்களுக்குத் தெரியும்.

அவர் சொன்னது டி.யு-142. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1988-ல் நம் கடற்படைக்கு வந்த, எதிரி நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம். மொத்தம் எட்டு வாங்கினோம். முதலில் கோவாவில் இருந்தன. 1992-ல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் தொடங்கியதும் இங்கே வந்துவிட்டன. 1988-ல், கடற்படைக்கு வந்த வருடமே, மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சி நடந்தபோது கடலைக் கண்காணிக்கப் பறந்தவை. 29 ஆண்டுகள் ஓடி, 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்திலேயே ஓய்வு பெற்றன. அந்த வேலையை இப்போது பி-8ஐ விமானங்கள் செய்கின்றன. ஓய்வு பெற்றவற்றில் ஒன்றை விசாகப்பட்டினத்துக்கு ஓட்டிப்போய், பிரித்து, கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். நம் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் போகக்கூடிய ஊரில் இத்தனை காலம் இருந்ததை, ஆந்திராவுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

டிசம்பர் 26 மாலை சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறினோம். புளியோதரையும் தயிர்சாதமும் நான்கு வீடுகளில் கட்டியது. மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வர வேண்டிய வேன் ஒன்றரை மணி நேரம் தாமதம். சின்னக் குழந்தைகள் பசியில் அழுதுவிட்டார்கள். ஏற்பாடு என்னுடையது, வருந்துகிறேன்.

பிற்பகல் அந்த விமானத்தின் கீழே போய் நின்றதும் எல்லாக் குறையும் மறந்துபோனது. ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய அதே அளவு இறக்கை விரிவு. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காற்றாடிகள், ஒன்று இப்படிச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். பிள்ளைகள் கழுத்து வலிக்க எண்ணி, நாலு இன்ஜினுக்கும் சேர்த்து 32 தகடுகள் என்றார்கள். நம்மவர் எதுவும் பேசாமல் நேராகச் சக்கரத்திடம் போனார். குனிந்து, டயரை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். அப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

சோனோபாய் என்ற கருவியை அவர் விளக்கியதை நான் மறக்க மாட்டேன். விமானத்திலிருந்து கடலில் போடும் நீளமான குழாய். மேற்பகுதி மிதக்கும், ஒலிவாங்கி ஆழத்தில் இறங்கிக் கேட்கும், கேட்டதை வானொலி அலையாக விமானத்துக்கு அனுப்பும். "ரயில் வருதான்னு தண்டவாளத்துல காது வெச்சுக் கேப்பாங்கள்ல, அது மாதிரி கடல்ல வைக்கிற காது" என்றார். சாலைக்கு அந்தப் பக்கம் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கி, 1969-ல் சேவைக்கு வந்து 2001-ல் ஓய்வு பெற்றது. தேடுகிறதையும் ஒளிகிறதையும் ஒரே மாலையில் உள்ளே புகுந்து பார்த்துவிட்டார்கள் பிள்ளைகள்.

அவருடைய மனைவியும் வந்திருந்தார். அரக்கோணம் குவார்ட்டர்ஸில் பல வருடம் இருந்தவர், அந்த விமானத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். குறுகலான உட்பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் என்னிடம் சொன்னார்: "சத்தத்தை வெச்சே இது இறங்கிடுச்சுன்னு தெரியும். ஆனா செக்கிங் முடிச்சு இவர் வர இன்னும் மூணு மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம்தான் இட்லி ஊத்துவேன். உள்ள இப்படித்தான் இருக்கும்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்." அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் போயிருந்தால் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு வந்திருப்பார்கள். செயற்குழுவில் கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: நம் தெருவிலேயே இப்படி ஒருவர் இருப்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாமல் இருந்தது.

குறைகளும் உண்டு. படி ஏற முடியாமல் முழங்கால் வலி உள்ள மூன்று பெரியவர்கள் கீழேயே இருந்தார்கள். அடுத்த முறை முன்கூட்டி விசாரிக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு இடம் என்பது ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிகம்.

வரும் ஆண்டில் பெங்களூருவில் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகம் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு 1961-ல் முதன்முதலாகப் பறந்த மாருத் போர் விமானம் அங்கே இருக்கிறது. பழைய விமானம் பார்க்க அவ்வளவு தூரமா என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்கிறேன். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் 1950-களில் படித்த அப்துல் கலாம், அங்கே பாடத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில், மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் உட்கார்ந்திருப்பாராம். அவரே எழுதியிருக்கிறார்.

இந்தப் பயணத்துக்கு அவரவர் செலவை அவரவர்தான் ஏற்றார்கள். இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் சங்கத்திலிருந்து டிக்கெட் எடுத்தோம். இனி ஆண்டுதோறும் இதற்கென ஒரு சிறு தொகை ஒதுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். பெங்களூருக்கு வர விரும்புவோர் இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுங்கள். வீட்டில் விமானத்திலோ கப்பலிலோ ரயிலிலோ வேலை பார்த்த தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

நன்றி.

செயலாளர்