அறியாமை அல்ல, ஊர்ப்பாசம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய பைபிள் வரைபடங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஓரிடம் மட்டும் உறுத்தியது. ஹைன்ரிஷ் புன்டிங் என்ற ஜெர்மானியர் வேதாகமப் பயணங்களைப் பற்றி எழுதி 1581இல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள உலகப் படத்தை, பூகோளம் தெரியாத காலத்துக் கூத்து என்பதுபோல் கட்டுரையாளர் போகிற போக்கில் தள்ளிவிட்டார். எருசலேம் நடுவில், அதைச் சுற்றி ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றும் நம் புளியாரை மாதிரி மூன்று இதழாக விரிந்திருக்கும் படம் அது. பார்த்ததும் சிரிப்பு வரும், சரி.

ஆனால் அதே புத்தகத்தில், கண்டங்களைக் கிட்டத்தட்ட அவற்றின் இடத்தில் காட்டும் சாதாரண உலகப் படமும் இருக்கிறதே! வரைபட அறிஞர் ஆர்டீலியஸின் உலக வரைபடத் தொகுப்பும் ஆண்ட்வெர்ப்பில் 1570லேயே வந்துவிட்டது. இலைப் படத்திலும் இடது கீழ் மூலையில் அமெரிக்கா எட்டிப் பார்க்கிறது. புன்டிங் ஹனோவரில் பிறந்த லூத்தரன் போதகர். மூவிதழ் இலை தன் ஊரின் சின்னம் என்று படத்தின் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். தெரியாமல் வரைந்தது அல்ல, ஆசைப்பட்டு வரைந்தது.

ஆசியாவை அவர் இறக்கை முளைத்த குதிரையாகவும் வரைந்தார். அதில் இந்தியாவுக்குக் கிடைத்தது பின்னங்கால். ஐரோப்பா மட்டும் முடிசூடிய ராணி! சண்டை போடுவதென்றால் இதற்குப் போடலாம். மற்றபடி, வேதாகம மாந்தர் ஒவ்வொருவரும் எங்கிருந்து எங்கே போனார்கள், எத்தனை ஜெர்மன் மைல் என்று ஊர் ஊராகக் கணக்குப் போட்ட புத்தகம் அது. விளையாட்டாகச் செய்கிற வேலையா?

உண்மையான தவறு வேண்டுமென்றால் 1525ஆம் ஆண்டு சூரிக்கில் ஃப்ரோஷவர் அச்சிட்ட பழைய ஏற்பாட்டைப் பார்க்கலாம். வரைபடத்தோடு அச்சான முதல் பைபிள் அதுதான் என்பார்கள். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வந்த வழியைக் காட்டும் அந்தப் படம், ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் படத்தைப் பார்த்துச் செய்தது. அச்சில் இடம் வலமாக மாறி, பாலஸ்தீனத்துக்கு மேற்கே இருக்க வேண்டிய மத்தியதரைக் கடல் கிழக்கே போய்விட்டது. மரக்கட்டையில் செதுக்கும்போது படத்தைத் திருப்பிப் போட மறந்திருப்பார்கள் போலிருக்கிறது. அதையும் விற்றார்கள், வாங்கினார்கள்.

கட்டுரையில் இந்தப் படம் ஏனோ இல்லை. தொடரின் அடுத்த பகுதியிலாவது இதையும் புன்டிங்கின் இரண்டு உலகப் படங்களையும் ஒரே பக்கத்தில், ஊர்ப்பெயர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சிட வேண்டுகிறேன். சென்ற முறை போட்டது தபால்தலை அளவுதான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை