‘மீள்திறன்’ என்ற ஒற்றைச் சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள்

பேரிடர்க் கையேடுகளையும் பயிற்சிப் புத்தகங்களையும் தமிழில் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒரு குழு தயாரித்த கையேட்டின் மெய்ப்பு அண்மையில் என் கைக்கு வந்தது. ஆங்கில மூலத்தில் ‘ரெசிலியன்ஸ்’ (resilience) வந்த இடமெல்லாம் தமிழில் ‘மீள்திறன்’ என்று இருக்கிறது. பாலத்துக்கும் மீள்திறன், அலையாத்திக் காட்டுக்கும் மீள்திறன், தகப்பனை இழந்த பிள்ளைக்கும் மீள்திறன். ஒரு சொல்லுக்கு ஒரே சொல், அதுதான் ஒழுங்கு என்ற உங்கள் அக்கறை புரிகிறது, நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். இப்போது அது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெசிலியன்சின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘சலிரே’ என்றால் குதிப்பது. ‘ரெசிலிரே’ என்றால் பின்னால் குதிப்பது, பட்டுத் துள்ளித் திரும்புவது. பரீட்சை முடிந்ததும் நாம் கேட்கும் ‘ரிசல்ட்’ இதே வினையின் நேர் வாரிசு, ‘இன்சல்ட்’ ஒரு பங்காளி, அதற்கு ஒருவர் மேல் பாய்வது என்று பொருள். இந்த வினையிலிருந்து வந்த ‘ரிசைல்’ என்ற சொல் இன்றும் நம் நாட்டு ஆங்கிலத் தீர்ப்புகளில் உயிரோடு இருக்கிறது. சாட்சி முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினால் ‘ரிசைல் ஆனார்’ என்று எழுதுவார்கள், நாம் பிறழ்சாட்சி என்கிறோமே, அந்த இடத்தில். பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு இந்தக் குடும்பத்துச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். 1626இல் இறந்த ஆங்கிலேயச் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேக்கன் ‘ரெசிலியன்ஸ்’ என்று எழுதியது எதிரொலியைப் பற்றி. ஆக, ஆரம்பத்தில் இந்தச் சொல்லில் வீரமும் இல்லை, பாராட்டும் இல்லை. பட்டது திரும்புகிறது, சொன்னவர் பின்வாங்குகிறார், அவ்வளவுதான்.

அதை அடி தாங்கும் சொல்லாக மாற்றியவர்களில் முக்கியமானவர் தாமஸ் யங். ஆமாம், பிளஸ் ஒன் இயற்பியலில் ‘யங் குணகம்’ படித்தோமே, அவரேதான். 1807இல் அச்சான தன் விரிவுரைகளில் அவர் ஒரு கோடு கிழிக்கிறார்: அழுத்தத்தை எதிர்ப்பது வலிமை, திடீர் மோதலை எதிர்ப்பதைத்தான் ரெசிலியன்ஸ் என்று சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கண்ணாடிப் பலகையின் மேல் மெதுவாகப் பாரத்தை ஏற்றினால் கணிசமாகத் தாங்கும், சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சிதறிவிடும். மூங்கில் அப்படி இல்லை, அடியை வளைந்து வாங்கிக்கொள்ளும். யங் இதற்கு வைத்த அளவுகோலையும் பாருங்கள்: ஒரு பொருளை உடைக்க எவ்வளவு நிறையுள்ள இன்னொன்று எவ்வளவு வேகத்தில் வந்து மோத வேண்டும் என்பது. உடைகிற வரைக்கும்! மோதி முடிந்தபின் அந்தப் பொருள் பழைய வடிவத்துக்குத் திரும்பியதா என்று அவர் அந்த அளவில் கேட்கவே இல்லை.

1818இல் ஆங்கிலேயப் பொறியாளர் தாமஸ் டிரெட்கோல்ட் மரத்தின் வலிமையோடு சேர்த்து அதன் ரெசிலியன்ஸ் பற்றியும் எழுதினார். பிறகு வந்த பொறியாளர்கள் பொருளைக் குறுக்கினார்கள். தகைவு-திரிபு வரைகோட்டில் (பொருள் மேல் விழும் விசைக்கு அது எவ்வளவு உருமாறுகிறது என்று காட்டும் கோடு) மீட்சி எல்லை வரைக்கும் உள்ள பரப்பு, அதாவது பொருள் நிரந்தரமாக உருக்குலையாமல் வாங்கி, விட்டதும் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஆற்றல், அதுதான் ரெசிலியன்ஸ் என்றார்கள். இங்கே ‘மீள்திறன்’ பொருந்தும், கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பிரான்சில் 1901இல் ஜார்ஜ் சார்ப்பி ஊசல் சுத்தியலால் உலோகத் துண்டை ஒரே அடியில் உடைத்துப் பார்க்கும் சோதனையை முன்வைத்தார், உடைய எவ்வளவு ஆற்றல் செலவானது என்ற அந்தக் கணக்குக்குப் பிரெஞ்சில் பெயர் ‘ரெசிலியான்ஸ்’. துண்டு இரண்டாக உடைந்து தரையில் கிடக்கிறது, அதன் மீள்திறன் என்று எப்படி எழுதுவது?

அலையாத்திக் காட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்கள் சொல் தலைகீழாகப் போயிருக்கிறது. சூழலியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது கனடாவின் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங் 1973இல் எழுதிய கட்டுரை. கிழக்குக் கனடாவின் ஊசியிலைக் காடுகளில் மொட்டுப்புழு என்று ஒன்று பல வருடம் ஓய்ந்திருந்து திடீரென்று பெருகும், பெருகினால் முற்றிய பால்சம் ஃபிர் மரங்களைக் கூட்டமாகச் சாகடிக்கும். பார்த்தால் காடே அழிந்ததுபோல் இருக்கும். ஆனால் புழு வராத காலத்தில் ஃபிர் மரங்கள்தான் ஸ்புரூசையும் பிர்ச்சையும் நெருக்கித் தள்ளுகின்றன, புழு வந்து போனபின் இவற்றுக்கு இடம் கிடைக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் மூன்று மரமும் அந்தக் காட்டில் தொடர்ந்து இருக்கின்றன. இதை வைத்து ஹாலிங் இரண்டு குணங்களைப் பிரித்தார். கலைத்துவிட்டால் பழைய சமநிலைக்கு வேகமாகத் திரும்புவது நிலைப்பு. எவ்வளவு மாற்றத்தை உள்வாங்கினாலும் அறுந்துபோகாமல் தொடர்வது ரெசிலியன்ஸ். கவனித்தீர்களா, திரும்பி வருவதை அவர் எதிர்ப்பக்கத்தில் வைத்திருக்கிறார்! உங்கள் கையேட்டின் காட்டு அத்தியாயத்தில் ‘மீள்திறன்’ என்று படிக்கிற மாணவி, ஹாலிங் எதை விலக்கினாரோ அதையே அவர் சொன்னதாகப் புரிந்துகொள்வாள். ‘தொடரும் திறன்’ என்று போடுங்கள், அல்லது இன்னும் நல்லது கிடைத்தால் அதை.

அப்புறம் மனிதர்கள். ஹவாயின் கௌவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னரும் அவரோடு இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பத்தில் குடி, சச்சரவு என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாக வளர்ந்து வந்தார்கள். அவர்களுக்கு அமைந்தவற்றில் முக்கியமான ஒன்று, அக்கறையாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தது. பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாரோ ஒருவர். திறன் முழுக்கப் பிள்ளைக்குள்ளேயே இருந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ‘மீள்திறன் உள்ள குழந்தை’ என்று நாம் எழுதும்போது அந்தப் பாட்டி காணாமல் போகிறார்.

நகரங்களுக்கும் இதுதான் நடக்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கரைகளும் வெள்ளத் தடுப்புச் சுவர்களும் உடைந்து ஊரில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. பிறகு 2010இல் அருகிலுள்ள மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு. ‘ரெசிலியன்ட் மக்கள்’ என்ற புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்த ஊரில் சுவரொட்டி ஒட்டினார்கள். என்னை அப்படி அழைப்பதை நிறுத்துங்கள், அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் தலையில் இன்னும் எதையாவது சுமத்தலாம் என்றுதான் ஆகிறது என்று டிரேசி வாஷிங்டன் என்ற வழக்கறிஞர் சொன்னதன் சாரம் அதில் இருந்தது. உடைந்தது கரை. புகழப்பட்டது மக்களின் தாங்கும் சக்தி. 2005இல் ஜப்பானின் கோபேயில் உருவான ஐ.நா.வின் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டமான ஹியோகோ செயல்திட்டத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது, ஐ.நா.வின் இப்போதைய வரையறையிலோ எதிர்த்தல், உள்வாங்குதல், ஈடுகொடுத்தல், தகவமைதல், உருமாறுதல், மீளுதல் என்று வினைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் கடைசி ஒன்றை மட்டும் எடுத்து முழுச் சொல்லுக்கும் பெயராக வைத்துவிட்டோம்.

மனிதர்களுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. தேறுதல். காய்ச்சல் விட்ட பிள்ளையை ‘உடம்பு தேறிடுச்சு’ என்கிறோம். இழவு விழுந்த வீட்டில் ‘ஆறுதல் தேறுதல் சொல்ல ஆள் இல்லை’ என்கிறோம், அதாவது தேறுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. டெல்டாவில் வெள்ளம் நின்ற வயலைப் பார்த்து விவசாயி ‘தண்ணி வடிஞ்சா பயிர் தேறிடும்’ என்பார். வடிந்தால்! அந்த ‘ஆல்’தான் எனக்கு வேண்டும். மீள்திறன் என்றால் இருக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. தேறுமா என்று கேட்டால், தேற என்ன வேண்டும், யார் தர வேண்டும், எத்தனை நாளில் என்று கேட்டே ஆக வேண்டும்.

அதனால் கேட்கிறேன். உலோகத்துக்கும் சுருள்வில்லுக்கும் மீள்திறன் இருக்கட்டும். பாலம், வீடு, கரை என்று வரும்போது தாங்குதிறன் என்று எழுதுங்கள், கட்டியவரிடம் கேட்கலாம். மனிதர்கள் வரும் பக்கங்களில் தேறுதல் வரட்டும். உங்கள் கையேட்டின் கடைசியில் ‘உங்கள் கிராமத்தின் மீள்திறனுக்கு எத்தனை மதிப்பெண்?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து அதை எடுத்துவிட்டு, ‘உங்கள் கிராமம் தேற என்னென்ன வேண்டும்?’ என்று போட்டு, கீழே எழுத அரைப் பக்கமாவது இடம் விடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஒருவர்